சங்கிலியும் கம்பிக்கயிறும்: கோலார் தங்கவயலில் நீளமும் இழுவிசையும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே எழுதப்படுகிறது: எடுக்கப்பட்ட பொன், எட்டப்பட்ட ஆழம், உழைத்தவர் பட்ட பாடு. இம்மூன்றுக்கும் ஆதாரமாகக் குழிக்குள் தொங்கிய கம்பிக்கயிறு அரிதாகவே பேசப்படுகிறது. அதன் நீளத்தையும் இழுவிசையையும் சரியாக வைத்திருப்பது எத்தகைய வேலை என்று அறிந்தால்தான் மைசூர் மைன்ஸ் போன்றதொரு சுரங்கத்தின் அன்றாடம் விளங்கும்.

இச்சிக்கலின் எளிய வடிவத்தை மிதிவண்டியில் காணலாம். ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் பின்சக்கரம் சுழலும் வரை மிதிகட்டையும் சுழலும். மிதியைப் பின்னோக்கி அழுத்தியே வேகத்தைக் குறைக்க வேண்டும். சங்கிலி தளர்ந்து பல்லிலிருந்து கழன்றால் அந்தத் தடை போய்விடும். மிகையாக இறுகினால் பேரிங்குகள் தேயும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். உள்தகடும் வெளித்தகடும் மாறிமாறி வருவதால் நீளத்தை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகவே கூட்டவோ குறைக்கவோ முடியும். எஞ்சிய வேறுபாட்டை, பின்சக்கர அச்சை அதன் பிளவுக்குள் முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்கின்றனர். நாளடைவில் சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் இரும்பு நீளவில்லை, கண்ணிகளின் ஊசிகள் தேய்ந்திருக்கின்றன.

சுரங்கங்களும் ஒரு காலத்தில் இரும்புச் சங்கிலியையே நம்பின. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும், முழுச் சுமையும் விழும். அறுவதற்கு முன் அறிகுறியும் தோன்றாது. 1834-இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பிக்கயிற்றை அறிமுகப்படுத்தியது இதனால்தான். கயிற்றில் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். அதைக் காணத் தெரிந்தவருக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும்.

1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு இன்றைய மிதிவண்டிச் சங்கிலிக்கு முன்னோடியான உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாரில் கால்பதித்தது. பின்வந்த பல பத்தாண்டுகளில் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்கள் உலகின் மிக ஆழமானவற்றுள் இடம்பெற்றன. சாம்பியன் ரீஃப் 3 கி.மீ.க்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் கயிற்றின் முதல் சுமை அதன் சொந்த எடையே. தடித்த கயிறு வலுவானது; அதே அளவுக்குக் கனமானதும்கூட. இன்றைய எஃகுக் கம்பியைக் கொண்டு கணக்கிட்டால், தொங்கவிட்ட கயிறு ஏறத்தாழ 15 கி.மீ. நீளத்தில் தன் எடையாலேயே அறும். பத்து மடங்கு பாதுகாப்பு வேண்டுமெனில் 1.5 கி.மீ.க்கு மேல் எதையும் தூக்க இயலாது. ஆழமான பகுதிகளுக்கு ஒரே கயிற்றில் இறங்காமல், உள்ளேயே மேலும் குழிகள் தோண்டிக் கட்டம் கட்டமாக இறங்க நேர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

கயிறு நீளவும் செய்யும். 1,000 மீட்டர் கயிறு தன் எடையால் மட்டும் சுமார் அரை மீட்டர் நீளும். 2,000 மீட்டரில் அது நான்கு மடங்காகும். புதுக்கயிற்றின் புரிகள் அமர்ந்து இறுகும்போது நிரந்தர நீட்சியும் சேரும். இரட்டை டிரம் கொண்ட வைண்டிங் எஞ்சினில் ஒரு கேஜ் மேலே வரும்போது மற்றொன்று அடியை அடைய வேண்டும். நீளம் பிசகினால் ஒன்று தளத்தோடு பொருந்தாமல் நிற்கும். அதனால் ஒரு டிரம்மை மட்டும் கிளட்சு கொண்டு விடுவித்துத் திருப்பி, இரு கயிறுகளையும் மீண்டும் இணக்குவர். மிதிவண்டியில் அச்சை நகர்த்துவதன் பெருவடிவம் இது.

தளர்வும் ஆபத்தே. கேஜ் எங்கேனும் சிக்கிக்கொண்டு கயிறு தொய்ந்தபின் திடீரென இழுபட்டால், அந்த அதிர்ச்சி நிலைச் சுமையைவிடப் பன்மடங்காகும். கேஜைப் பற்றும் முனையில் துருவும் களைப்பும் மிகுதி. எனவே குறித்த கால இடைவெளியில் அம்முனையை வெட்டிச் சோதித்து, புதிய முனையைப் பிணைப்பது சுரங்கங்களின் வழக்கம். 'சரியான நீளம்' என்பதில் இனி வெட்டப்போகும் நீளமும் அடக்கம். அந்த மிகுதி டிரம்மில் சுற்றியே இருக்கும். கயிற்றை மெல்ல ஓடவிட்டு, கண்ணாலும் கையில் பிடித்த பஞ்சுக்கழிவாலும் தேடுவதே நாள்தோறும் நடந்த சோதனை. அறுந்த கம்பி பஞ்சைப் பற்றி இழுக்கும்.

அக்கயிற்றை நம்பி இறங்கியவருள் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1930-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் போன்ற போராட்டங்களைத் தொழிலாளர் வரலாறு பதிவுசெய்துள்ளது. அந்த வரலாற்றில் பராமரிப்பு உழைப்புக்கும் இடம் வேண்டும். பொன்னை அவுன்சிலும் ஆழத்தை அடியிலும் கணக்கிட்ட நிறுவனத்துக்கு, கயிறு அறாத நாள் பதிவுசெய்யத்தக்க நிகழ்வாகத் தோன்றியிராது. குழிக்குள் இறங்கிய குடும்பங்களுக்கோ அந்த ஒன்றும் நிகழாத நாளே அனைத்தும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயலின் ஆழம் குறித்து இன்றும் பெருமையோடு சொல்லப்படும் எண்கள், கயிற்றை ஓயாமல் பார்த்து, வெட்டி, இணக்கிய கைகளின் கணக்குமாகும்.