ஸ்டேட்டஸ் கோ என்றால் எந்தத் தேதி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மனை வழக்கில் சிக்கியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு லத்தீன் சொல் உண்டு. "கோர்ட்டுல ஸ்டேட்டஸ் கோ வாங்கிட்டோம் சார்" என்பார்கள். இப்போது இருக்கிற நிலை அப்படியே நீடிக்கட்டும் என்று பொருள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதை 'ஸ்தாத்யு கோ' என்று, முதல் சொல்லின் கடைசி 'ஸ்' இல்லாமல் எழுதுவார்கள். பழைய உடன்படிக்கைகளில் இது 'போருக்கு முன் இருந்த நிலையில்' என்ற நீண்ட தொடராக வரும். ஆங்கிலேயர் தலையையும் வாலையும் நறுக்கி, ஒரு 'ஸ்' ஒட்டி, 'இன்றைய நிலை' ஆக்கிக்கொண்டார்கள். பழைய நிலை வேண்டுமென்றால் 'ஆன்டே' என்று தனியே சேர்ப்பார்கள். எதையும் இன்றைய நிலையோடு வைத்துப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. 'இன்று' நகர்ந்துகொண்டே இருக்கும்.

புதுச்சேரி விஷயத்தில் இதை எழுதியவர்கள் கவனமாக இருந்தார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர ஒப்பினார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் இரண்டாவது ஷரத்து, 1954 நவம்பர் 1-க்கு முன் இருந்த தனி நிர்வாக நிலை தொடரும் என்றும், அதை மாற்றுவதானால் மக்கள் விருப்பத்தை அறிந்தே மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. 'தற்போதைய நிலை' என்று மொட்டையாக எழுதாமல் தேதியைப் போட்டார்கள். தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு கிளம்பி 1979 ஜனவரியில் பெரும் போராட்டம் வெடித்தபோதும், மக்கள் காத்துக்கொள்ள நினைத்தது இந்தத் தனி நிலையைத்தான்.

அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி மாற்றம் வந்தது. ஏழே முக்கால் ஆண்டு ஆட்சி இந்தியாவுடையது, காகிதத்தில் ஊர் பிரான்சுடையது!

அப்புறம்தான் வீடுகளில் பிரச்சினை. அங்கேயே பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் அன்றே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது, சும்மா இருந்தால் நிலை மாறிவிடும். மாறாமல் இருக்கத்தான் கையெழுத்து. நான் குமாஸ்தாவாகப் பார்த்த கோப்புகளில் எல்லாம் நேர் எதிர். மனு போட்டால்தான் எதுவும் மாறும்.

என் சித்தப்பா இந்தோசீனா வரை போய்வந்த சொல்தா. "அண்ணே, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்று அப்பாவிடம் நடையாய் நடந்தார்.

"நான் எங்கேயும் போகலையேப்பா, எதுக்குக் கையெழுத்து?" என்று அப்பா கேட்டார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. கெடு 1963 பிப்ரவரியில் முடிந்தது. சித்தப்பாவின் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். நான் அம்பத்தூர் தொகுதி வாக்காளர்.