எஸ்என் 1987ஏ ஒளிர்வு அவதானிப்புகள்

எஸ்என் 1987ஏ என்பது பெரிய மாகெல்லன் முகிலில் 1987 பெப்ரவரியில் தோன்றிய மீயொளிர் விண்மீன் ஆகும். சுமார் 1,68,000 ஒளியாண்டுகள் தொலைவில் இருந்தும், தென் அரைக்கோளத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. இதன் முதல் சில மணி நேர ஒளிர்வை அறிய, நியூசிலாந்தின் தொழில்சாரா வானியலாளர் ஆல்பர்ட் ஜோன்சின் (1920–2013) குறிப்பு இன்றியமையாததாயிற்று.

முதல் மணி நேரங்கள்

விண்மீனின் கருவம் குலைந்தபோது வெளிப்பட்ட நியூட்ரினோக்கள், பெப்ரவரி 23 அன்று அனைத்துலக நேரம் 7:35 மணிக்குப் புவியில் பதிவாயின. மாறொளிர் விண்மீன்களை நெடுங்காலமாகக் கணித்து வந்த ஜோன்ஸ், அன்று சுமார் 9:22 மணிக்கு அதே வான்பகுதியை நோக்கினார். புதிதாக ஒன்றும் தென்படவில்லை. 7.5 பருமனைவிட ஒளிமிக்க பொருள் இருந்திருப்பின் அவர் கண்டிருப்பார். (பருமன் எண் குறையக் குறைய ஒளிர்வு கூடும்.) 10:38 மணிக்கு ஆத்திரேலியாவில் ராபர்ட் மெக்நாட் எடுத்த ஒளிப்படத்தில் அது சுமார் 6 பருமனுடன் பதிவாகியிருந்தது பின்னர் தெரியவந்தது.

ஆகவே அதிர்ச்சி அலை ஏறக்குறைய மூன்று மணி நேரத்திற்குள் மேற்பரப்பை அடைந்துள்ளது. மிகப்பெரிய சிவப்பு மீப்பெரு விண்மீனாயின் இதற்கு ஒரு நாள் அளவுகூட ஆகியிருக்கும். வெடித்தது அதனினும் சிறிய நீல மீப்பெரு விண்மீனான சண்டுலீக் -69 202 என்ற முடிவுடன் இது பொருந்தியது. 'காணவில்லை' என்ற குறிப்பையும் நேரத்துடன் எழுதிவைக்கும் வழக்கத்தின் பயன் இது. மறுநாள் சிலியில் இயன் செல்டன், ஆஸ்கர் துகால்டே ஆகியோர் இதனைக் கண்டுபிடித்தனர். ஜோன்சும் சில மணி நேரத்தில் தனித்துக் கண்டார்.

கண் மதிப்பீடு

பருமன் அறியப்பட்ட இரு விண்மீன்களுக்கு இடையில் ஒப்பிட்டு ஒளிர்வு மதிப்பிடப்படுகிறது. தேர்ந்தவர்களிடையேகூட ஓரிரு பத்திலொரு பருமன் வேறுபாடு எழுவதுண்டு. இவ்விண்மீன் சில நாள்களிலேயே நீலத்திலிருந்து சிவப்பாக மாறியது இன்னொரு சிக்கல். சிவந்த விண்மீனை நெடுநேரம் உற்றுநோக்கினால் அது உள்ளதைவிட ஒளிமிக்கதாகத் தோன்றும். எனவே சிறு பார்வைகளாக நோக்குவதே முறை.

ஒளிர்வு வளைகோடு

வழமைக்கு மாறாக ஒளிர்வு மெதுவாகவே உயர்ந்து, மே மாதத்தில் சுமார் 2.9 பருமனை எட்டியது. பின்னர் விரைந்து குறைந்து, ஏறத்தாழ நூறு நாள்களுக்கு ஒரு பருமன் என்ற சீரான வீதத்தில் மங்கியது. 77 நாள் அரைவாழ்வுடைய கோபால்ட்-56 சிதைவதே அவ்வொளிக்கு ஆற்றல் அளித்தது என்பதற்கு இவ்வீதம் வலுவான சான்றாகும். சுமார் 500 நாள்களுக்குப் பின் கண்ணுறு ஒளி மட்டும் இதனினும் விரைவாக மங்கியது. வெடிப்பில் சிதறிய பொருளில் உருவான தூசு அவ்வொளியை உறிஞ்சி அகச்சிவப்புக் கதிராக வெளியிட்டதே இதற்குக் காரணம்.