எட்டயபுரத்து ஏடும் இணையவழி இசையும்

இசை செவிவழிக் கலை. குரு பாட, மாணாக்கன் கேட்டுப் பாடி, பல்லாண்டுப் பழக்கத்தால் அதனைத் தன்னுடையதாக்கிக் கொள்வதே தென்னாட்டு மரபு. எனினும் செவி ஒன்றையே நம்பியிருந்த கலை, செவியுடையார் மறைந்தபோது தானும் மறைந்தது. பண்டைப் பண்களுள் எத்தனையோ இன்று பெயரளவிலேயே எஞ்சி நிற்பதற்குக் காரணம் இதுவே. எனவே, பாடலைச் சுரத்தோடு எழுதி வைக்க வேண்டும் என்ற வேட்கை காலந்தோறும் எழுந்தது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டளவில் வெட்டப்பெற்ற இசைக் கல்வெட்டு அவ்வேட்கையின் பழஞ்சான்றாகும். அதே வேட்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெருநூலாக வெளிப்பட்டது. அந்நூல் இன்று இணையத்தின் வழியே உலகெங்கும் உள்ள மாணவர்க்குக் கிட்டுகிறது. ஒரு குடும்பத்தின் தனிச்சொத்தாக இருந்த இசை பொதுச்சொத்தான வரலாறு அந்நூலின் வரலாறு.

எட்டயபுரமும் தீட்சிதர் மரபும்

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) திருவாரூரில் தோன்றித் தம் வாழ்வின் இறுதியில் எட்டயபுரம் வந்து சேர்ந்தார். அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் அங்கு அரசவை வித்துவானாக விளங்கியதே அவ்வருகைக்குக் காரணம். மேனாட்டு வயலினைத் தென்னக இசைக்கு இசைவித்த முன்னோடியாகப் போற்றப்பெறுபவர் இப்பாலுசுவாமியே. 1835ஆம் ஆண்டுத் தீபாவளித் திருநாளில் முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய சமாதியும் அவ்வூரிலேயே உள்ளது.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரர் சுப்பராம தீட்சிதர் (1839–1906). பாட்டனாரே அவரைத் தத்தெடுத்து இசை பயிற்றினார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள், வேங்கடமகியின் கீதங்கள், முன்னோர் வகுத்த தானங்கள் ஆகியவை அவரிடம் சுவடிகளாகவும் நினைவாகவும் சேர்ந்தன. அச்செல்வம் அக்காலத்து வழக்கப்படி குடும்பத்தாருக்கும் அணுக்க மாணாக்கர்க்கும் மட்டுமே உரியதாக இருந்தது. கற்றதைக் கண்டவர்க்கெல்லாம் வழங்காமை அன்று குற்றமாகக் கருதப்படவில்லை. கலையின் தூய்மையைக் காக்கும் வேலியாகவே மதிக்கப்பட்டது.

முதலியாரின் வேண்டுகோள்

அவ்வேலியைத் திறக்கச் செய்தவர் இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர். சென்னையில் அரசுப் பணி புரிந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் ஆங்கிலமும் இலத்தீனும் கற்றவர்; கிறித்தவர். தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதி வெளியிட்டால் அவை அழிவினின்றும் தப்பும், உலகமும் அவற்றை அறியும் என்று அவர் நம்பினார். வாலாசாப்பேட்டை மரபினரிடம் பாடம் கேட்டு, ‘ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்’ என்னும் நூலை 1893இல் வெளியிட்டார். அம்முயற்சியில் தம் பொருளையும் உடல்நலத்தையும் இழந்தார்.

தாம் தொடங்கியதை முடிக்க இயலாது என உணர்ந்த முதலியார், 1899இல் எட்டயபுரம் சென்றார். சுப்பராம தீட்சிதரிடம் உள்ள இசைச் செல்வம் அச்சேற வேண்டுமென மன்னரிடம் மன்றாடினார். மன்னர் அதனை ஏற்றுப் பொருளுதவி செய்ய முன்வந்தார். அறுபது வயதை எட்டியிருந்த தீட்சிதர், தலைமுறைகளாகக் காத்துவந்ததை வெளியிட இசைந்தார். நூல் முற்றுப்பெறுவதைக் காணாமலே முதலியார் மறைந்தார். தம் மதத்திற்கும் குலத்திற்கும் தொடர்பில்லாத ஒரு மரபைக் காக்கத் தம்மையே செலவிட்ட அப்பெருமகனை இசையுலகம் இன்னும் போதிய அளவு நினைத்ததாகச் சொல்ல முடியாது.

நூலின் அமைப்பு

‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்தில் வெளிவந்தது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட இந்நூல், வேங்கடமகி மரபின் 72 மேளங்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வோர் இராகத்திற்கும் இலக்கணம் கூறி, கீதம், தானம், கீர்த்தனை, சஞ்சாரி என எடுத்துக்காட்டுகள் தருகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229 இதில் இடம்பெற்றுள்ளன. இசைவாணர் பலரின் வரலாறும் சேர்க்கப்பட்டுள்ளது.

இன்று பலரும் அறிந்த மேளப் பெயர்கள் இந்நூலில் வேறாக இருத்தல் நோக்கத்தக்கது. முதல் மேளம் இங்குக் கனகாம்பரி. பிற்கால வழக்கில் கனகாங்கி. இருபத்தெட்டாம் மேளம் இங்கு அரிகேதாரகௌளை; பிற்கால வழக்கில் அரிகாம்போதி. பெயர் மட்டுமன்றி இராகத்தின் நடையும் பல இடங்களில் வேறுபடுகிறது. ஆகவே இந்நூல் பாடப் புத்தகமாக மட்டுமன்றி, ஒரு காலகட்டத்து இசைவழக்கின் சான்றாகவும் நிற்கிறது.

நூலின் தனிச்சிறப்பு கமகக் குறியீடுகளில் உள்ளது. ‘ச ரி க ம’ என எழுதிவிட்டால் பாட்டு ஆகிவிடாது. சுரம் அசையும் விதமே இராகத்தின் உயிர். கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற சாரு, இறக்க சாரு, ஒதுக்கல், ஒரிகை என ஒவ்வோர் அசைவுக்கும் தீட்சிதர் தனித்தனி அடையாளம் அமைத்தார். வீணையில் விரல் செல்லும் வழியைத் தாளில் காட்டும் முயற்சி அது. நொக்கு, ஏற்றம், இறக்கம், ஒதுக்கல் எனத் தமிழ்ச் சொற்களே பல குறியீடுகளுக்குப் பெயராக அமைந்ததும் எண்ணத்தக்கது.

1906இல் தீட்சிதர் மறைந்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் அவருடைய மறைவுக்கு இரங்கிப் பாடிய பாடல், அவ்விழப்பை அக்காலத்தார் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

தமிழ் வாசகரின் காத்திருப்பு

தமிழ்நாட்டில் உருவாகி அச்சான இப்பெருநூல் தெலுங்கில் இருந்தது. அன்றைய இசைக்கல்வியின் மொழி தெலுங்காக இருந்ததே காரணம். இசைவாணர் பலர் அம்மொழியை அறிந்திருந்தனர். ஆயினும் தமிழ் மட்டுமே கற்ற மாணவர்க்கு நூல் பூட்டிய பெட்டியாகவே இருந்தது. சென்னை மியூசிக் அகாடமியின் முயற்சியால் தமிழ்ப் பதிப்பின் முதற்பகுதி 1961இல் வெளிவந்தது. ஐந்தாம் பகுதி 1983இல் வெளிவந்து பணி நிறைவுற்றது. முதற்பகுதிக்கு 57 ஆண்டுகள், முழு நூலுக்கு 79 ஆண்டுகள் தமிழ் வாசகர் காத்திருக்க நேர்ந்தது. ஒரு தலைமுறை கற்றுத் தேர்ந்து, கற்பித்து, ஓய்ந்துவிடும் காலம் அது. மரபு காக்கப்பட்டது என்று மகிழும்போது, யாருக்குக் காக்கப்பட்டது என்ற வினாவையும் எழுப்பியாக வேண்டும்.

இணையம் திறந்த வாயில்

அவ்வினாவுக்கு விடைதேடும் வாய்ப்பைக் கணினி யுகம் அளித்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கலாயிற்று. இசைத்துறையிலும் அதே உணர்வுடையோர் தோன்றினர். கீர்த்தனைகளின் சாகித்தியம், சுரக்குறிப்பு, கச்சேரி ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது இணையத்தில் ஏற்றினர். பிரதர்சினியும் இவ்வகையில் புதுப்பிறவி எடுத்தது. தன்னார்வ அறிஞர்கள் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, கமகக் குறியீடுகளோடு கணினியில் புதிதாக அச்சுக்கோத்து, ‘ஐபிப்ளியோ’ என்னும் பொது மின்னூலகத் தளத்தில் இலவசமாக வைத்தனர். அப்பக்கத்திற்கு முத்துசுவாமி தீட்சிதரின் முத்திரையான ‘குருகுக’ என்பதையே பெயராகச் சூட்டினர்.

முதலியார் கண்ட கனவு இவ்வாறு ஒரு நூற்றாண்டு கடந்து நிறைவேறியது. அவர் மேனாட்டுக் குறியீட்டின் வழியே உலகை எட்ட விரும்பினார். உலகமோ தீட்சிதர் வகுத்த குறியீடுகளையே தேடி வந்து கற்கிறது. நூலின் படி கிடைக்காத சிற்றூர் மாணவியும், கடல்கடந்த நாட்டில் வாழும் ஆசிரியரும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் திறந்து பார்க்க இயலுகிறது.

ஏடும் ஆசானும்

எனினும் ஏடு கிடைத்தவுடன் இசை கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. கமகக் குறி, முன்பே கேட்டவர்க்கு நினைவூட்டுமேயன்றிக் கேளாதவர்க்குக் கற்பிக்காது. தீட்சிதரின் குறியீட்டை இன்று இருவர் இருவிதமாகப் பாடுதல் இயல்பாக நிகழ்கிறது. அவருடைய மைந்தர் அம்பி தீட்சிதர் (1863–1936) சென்னையில் பாடம் சொன்னதால்தான் டி. எல். வேங்கடராம ஐயர் முதலியோர் வழியே அம்மரபு ஒலியாகவும் தொடர்ந்தது. நூலும் வாய்மொழியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலம் இவ்வுண்மையை மீண்டும் உணர்த்தியது. கச்சேரி மேடைகள் அடைபட்டன. மியூசிக் அகாடமியின் மார்கழி விழாவும் அவ்வாண்டு இணைய வழியே நடந்தது. இசை வகுப்புகள் கணினித் திரைக்கு மாறின. ஆசிரியரின் குரல் மாணவரைச் சென்றடைவதில் ஏற்படும் தாமதம் நொடியில் ஒரு பகுதியே ஆயினும், இருவரும் சேர்ந்து பாடுதல் இயலாததாயிற்று. ஆசிரியர் போடும் தாளத்திற்கு மாணவர் சரியாகப் பாடினாலும், திரும்பி வரும் குரல் தாளம் தப்பியதாகவே ஆசிரியர் செவியில் விழும். எனவே ஆசிரியர் ஓர் அடி பாடி நிறுத்த, மாணவர் தாமே தாளமிட்டுத் திருப்பிப் பாடும் முறை நிலைபெற்றது. குறைபாட்டினூடே ஒரு நன்மையும் விளைந்தது: உடன்பாடும் குரலின் துணையின்றித் தனித்துப் பாடும் பழக்கம் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே கைவந்தது.

இனிச் செய்ய வேண்டியது

தீட்சிதர் குறியீடுகளை ஒலியோடு இணைத்தல் இன்றைய தேவை. ஒரு கமகக் குறியைத் தொட்டவுடன், அதனை மரபறிந்த வித்துவான் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டுமாறு அமைத்தல் கணினிக்கு அரிய செயலன்று. அரியது அதற்கு வேண்டிய ஒத்துழைப்பே. அப்பணி தமிழிலும் நடைபெறல் வேண்டும். முன்போல் எழுபது, எண்பது ஆண்டுகள் காத்திருக்கத் தமிழ் மாணவர்க்கு இனி நேரமில்லை. தம் குடும்பச் செல்வத்தை ஊருக்கு வழங்கிய ஒரு முதியவரும், அதற்காகத் தம் செல்வத்தை இழந்த ஒரு முதலியாரும் காட்டிய வழி முன்னே இருக்கிறது. பெற்றதைப் பூட்டி வைக்காமல் அடுத்தவர் கையில் சேர்ப்பதே அவ்விருவர்க்கும் செய்யும் நன்றியாகும்.