பாய்மரக் கப்பலில் இவ்வளவு கயிறு எதுக்கு? நெல்சனின் 'விக்டரி' சொல்லும் கணக்கு!

பழைய பாய்மரக் கப்பல் படத்தைப் பார்த்ததும் கண்ணில் படுவது வலை மாதிரி பின்னிக் கிடக்கும் கயிறுகள்தான். அழகுக்கு கட்டியது இல்லை. கயிறு அறுந்தால் மரம் சாயும். மரம் சாய்ந்தால் கப்பல் நடுக்கடலில் நின்றுவிடும்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இன்றும் இருக்கும் 'ஹெச்எம்எஸ் விக்டரி' போர்க்கப்பலையே எடுத்துக்கலாம். 1765-ல் கடலில் இறக்கப்பட்டது. 3 பாய்மரங்கள், 37 பாய்கள். கயிறு மட்டும் சுமார் 42 கி.மீ. நீளம்! நடு பாய்மரத்தின் உச்சி நீர்மட்டத்தில் இருந்து 205 அடி.

அது ஒரே மரமா?

இல்லை. அவ்வளவு உயரத்துக்கு ஒரே மரம் எங்கே கிடைக்கும்? அடிமரத்தின் மேல் இன்னொரு மரம், அதுக்கும் மேல் இன்னொன்று என ஏற்றிக் கட்டுவார்கள். மேல் துண்டு உடைஞ்சா அதை மட்டும் மாற்றிக்கலாம். பாய் தொங்குவது பருமல் எனப்படும் குறுக்குமரத்தில்.

கயிறிலும் ரெண்டு வகை

ஒரு வகை, மரத்தை முன்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடிக்கும். தார் பூசியிருப்பதால் கருப்பா இருக்கும், அசையாது. இதில் குறுக்கே கட்டிய சின்னக் கயிறுகள்தான் மாலுமிகளுக்கு ஏணி. புயல்லயும் இதில் ஏறித்தான் பாயைச் சுருட்டணும்.

இன்னொரு வகை, பாயையும் பருமலையும் இழுக்க, திருப்ப. இது கப்பி வழியா ஓடும். கிணற்றில் இருக்கிற அதே கப்பிதான். ஆனா ஒரு கப்பலுக்கே நூற்றுக்கணக்கில் தேவை. இதுக்காக போர்ட்ஸ்மவுத்தில் மார்க் புருனெல் வடிவமைத்த இயந்திரங்கள் 1808-ல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் செய்து தள்ளின.

டிராஃபல்கரில் நடந்தது என்ன?

1805 அக்டோபர் 21. அன்றைய பிரெஞ்சு பீரங்கிகள் பெரும்பாலும் எதிரியின் மரத்தையும் கயிறையும்தான் குறிவைக்கும். விக்டரியின் பின் பாய்மரத்தில் மேல்மரம் முறிந்து விழுந்தது. முன் பாய்மரத்தின் பாய் ஒன்றில் சுமார் 90 ஓட்டைகள். அந்தப் பாய் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

தளபதி நெல்சனின் உயிரைப் பறித்த குண்டு வந்ததும் ஒரு பாய்மரத்தில் இருந்துதான். பிரெஞ்சுக் கப்பல் 'ரெடூடபிள்'. அதன் பின் பாய்மர மேடையில் இருந்த வீரர் சுட்டது. போரில் ஜெயித்தும் விக்டரியால் தானா ஓட முடியல. ஜிப்ரால்டருக்கு இன்னொரு கப்பல்தான் இழுத்துட்டுப் போச்சு.

பார்வையாளர்கள் பின்னாளில் பார்த்த அடிமரங்கள் மரமே இல்லை. 1890-களில் வேறொரு கப்பலில் இருந்து எடுத்துப் பொருத்திய இரும்பு. அதில் நடு அடிமரத்தை, பராமரிப்புக்காக 2021-ல் கிரேன் வைத்துக் கழற்றினார்கள். எடை 32 டன்.