ரெண்டு ரூபாய் தயாரிப்பாளர்கள்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியா பாண்டிச்சேரி போனவங்க மரக்காணத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க, கார் ஜன்னல் வழியாவது. ரோட்டோரம் வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். ரெண்டு செல்ஃபி எடுத்துட்டு வண்டியைக் கிளப்பிடுவோம். இன்னைக்கு அந்த உப்பளத்தை மனசுல வச்சுக்கிட்டு ஒரு சினிமாவைப் பத்திப் பேசப்போறேன். தலைமைப் பண்பும் வணிக அறமும் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல படம் இந்தியாவில் இல்லை.

முதல்ல, அது எந்தப் படம் இல்லைன்னு சொல்லிடறேன். உப்பு, தலைமைன்னு சேர்த்துச் சொன்னதும் 1982-ல் வந்த அட்டன்பரோவின் ‘காந்தி’தான் ஞாபகம் வரும். தராசனா உப்பு ஆலை வாசலில் வரிசை வரிசையாக வந்து அடி வாங்கி விழும் அந்தக் காட்சியை யாரால் மறக்க முடியும்? ஆனால் அதில் உப்பு இருக்கு, உப்பு வாருகிறவர் இல்லை. 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. வாருகிறவருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

மரக்காணத்துக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பழசு. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊருக்குப் போகும் வழியில் வருகிற எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பார்கள். சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்புக்குச் சம அளவு நெல் வாங்கிக்கொண்டு போவார்கள். இன்னைக்கு ஒரு கிலோ உப்பைக் கொடுத்து ஒரு கிலோ அரிசி கேட்டுப் பாருங்க, கடைக்காரர் சிரிப்பார்!

சரி, படத்துக்கு வருவோம். ஷியாம் பெனகல் இயக்கிய ‘மந்தன்’, 1976. தயிர் கடைவதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. இதன் பின்னால் இருந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டுக்காரர், ஆனால் இளநிலைப் பட்டங்கள் படித்தது நம்ம சென்னையில்தான். லயோலாவில் இயற்பியல், கிண்டியில் பொறியியல். 1949-ல் அரசு உத்தியோகமாகக் குஜராத்தின் ஆனந்த் நகரத்துக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் போவதற்கு மூன்று வருஷம் முன்பே அங்கே ஒரு போராட்டம் நடந்து முடிந்திருந்தது. பால் முழுவதையும் போல்சன் என்ற தனியார் கம்பெனிக்கே ஊற்ற வேண்டியிருந்தது, விலையையும் அந்தப் பக்கமே வைத்தது. விவசாயிகள் பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்தார்கள். அதிலிருந்து திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் உருவான கூட்டுறவுதான் பின்னால் அமுல் ஆனது. இங்கே தலைவர் யார், குரியனா படேலா? மேலாண்மை வகுப்பில் பையன்கள் குரியன் பெயரைத்தான் சொல்வார்கள். குரியன் தன்னை விவசாயிகளின் ஊழியர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

படத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தேவைப்பட்டது. பெனகலிடம் அவ்வளவு பணம் இல்லை. குரியன் குஜராத்தின் கூட்டுறவுச் சங்கங்களைக் கேட்டார். ஐந்து லட்சம் விவசாயிகள் தலைக்கு ரெண்டு ரூபாய் கொடுத்தார்கள். படம் தியேட்டருக்கு வந்ததும் ‘நம்ம படம்’ பார்க்க லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். அதற்கப்புறம் குரியன் செய்ததுதான் எனக்கு முக்கியம். படச்சுருள்களைச் சின்ன புரொஜெக்டரில் ஓடும்படி மாற்றி, வேற மாநிலங்களின் கிராமங்களுக்கு அனுப்பினார். படத்தோடு ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்ப ஆள் எனச் சின்னக் குழுவும் போனது. படம் முடிந்ததும் அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கேஸ் ஸ்டடி என்று நாம் இங்கிலீஷில் பெருமையாகச் சொல்வதை மரத்தடியில் நடத்தியிருக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்றேன். கிரீஷ் கர்னாட் நடித்த டாக்டர் ராவ் என்ற அதிகாரி கிராமத்துக்கு வருகிறார். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதித்து, அதற்குத் தக்க விலை என்கிறார். அதுவரை தனியார் பால்பண்ணை முதலாளி மிஸ்ரா சொன்னதுதான் விலை. ஆக, முதல் சண்டையே அளவுகோல் யார் கையில் இருக்கு என்பதில்தான். பிறகு சங்கத் தேர்தல். ஊர்த் தலைவர் தோற்கிறார், தலித் மக்கள் பக்கத்து ஆள் ஜெயிக்கிறார். அப்புறம் அவர்கள் குடிசைகள் எரிகின்றன. ஸ்மிதா பாட்டில் நடித்த பிந்துவின் கைநாட்டை வாங்கி, ராவ் மேல் பொய்ப் புகார் ஜோடிக்கப்படுகிறது. ராவுக்கு மாற்றல் வருகிறது, அவர் போய்விடுகிறார். நம்ம ஹீரோக்கள் கிளைமாக்ஸில் இப்படிக் கிளம்பிப் போவாங்களா, சொல்லுங்க? ஆனால் நசீருதீன் ஷா நடித்த போலா, முதலில் ராவை முறைத்துக்கொண்டு திரிந்த அதே போலா, சங்கத்தை எடுத்து நடத்த நிற்கிறான். தலைவர் போன மறுநாள் காலையில் பால் ஊற்ற ஆள் வருமா? ஒரு வகுப்பு முழுக்க இதை மட்டும் பேசலாம்.

இப்போ இந்தப் படத்தை மரக்காணத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு நெருடல். பிந்துவிடம் ஓர் எருமை இருந்தது. பால் அவளுடையது, அதனால் இவனுக்கு ஊற்ற மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. உப்பளத்தில் நிலம் உப்புத் துறையுடையதாக இருக்கும், இல்லை தனியாருடையதாக இருக்கும். நடுவில் குத்தகைதாரர். கால் கொப்பளிக்கப் பாத்தியில் நின்று வாருகிறவரும், தலையில் கூடை சுமக்கிற பெண்ணும் கூலிக்கு வருகிறவர்கள். வாரிய உப்பு அவர்களுடையது இல்லை. பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், உப்பு கெடாது, காத்திருக்கும். காத்திருக்கும் பலம் குவியலின் சொந்தக்காரருக்குத்தான், கூலிக்காரருக்கு இல்லை. ஜனவரி வாக்கில் தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழையோடு நின்றுபோகும். அந்த மூன்று மாதத்துக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2022-ல் தொடங்கியது.

அதனால் மேலாண்மை மாணவர்களுக்கு ‘மந்தன்’ போடும் ஆசிரியர்களுக்கு என் யோசனை: ராவ் நல்லவரா கெட்டவரா என்று கட்டுரை எழுதச் சொல்லாதீங்க. எருமை இல்லாத பிந்துவுக்கு ஒரு சங்கம் எப்படிக் கட்டுவீங்க, அதில் அளவுகோல் யார் கையில் இருக்கும் என்று கேளுங்க. ரெண்டு ரூபாயை எதிலிருந்து எடுப்பாங்க என்றும் கேளுங்க.

படத்தைப் புதுப்பித்து 2024-ல் கான் விழாவில் திரையிட்டார்கள், பிரிண்ட் பளிச்சென்று இருக்கு. பார்த்துட்டு, அடுத்த முறை பாண்டிச்சேரி போகும்போது மரக்காணத்தில் கொஞ்சம் இறங்கி, இந்த வருஷம் ஒரு மூட்டை என்ன விலைக்குப் போச்சு, அதில் வாரின கூலி எவ்வளவுன்னு விசாரிங்க. கிடைத்த பதிலை எனக்கு அனுப்புங்க.