வேடந்தாங்கல்: ஊர் கேட்டு வாங்கிய கவுல்

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயரில் வேடன் இருந்தாலும், அந்த ஊரின் கதை வேட்டையை விரட்டிய கதை.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று 1798-இல் அவர் கவுல் என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது மறுபடி உறுதியானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972-இல்தான்!

ஊர் ஏன் அப்படி மல்லுக்கு நின்றது? விடை மதகில் இருக்கிறது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. நெல் செழித்ததைப் பார்த்த உழவர்கள் பறவையைத் தங்கள் வெள்ளாமையின் பங்காளியாகவே கண்டார்கள். அதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. பல தலைமுறைகளாகக் காவலை நிலைக்க வைத்தது இந்த உறவுதான்.

இங்கே கூடு கட்டும் பறவைகளில் நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அலகின் நடுவே ஓர் இடைவெளி. மூடினாலும் முழுக்க மூடாது. அந்த அலகால்தான் ஓட்டிலிருந்து நத்தையின் சதையை உருவி எடுக்கிறது. உச்சிவெயிலில் கூட்டின் மேல் சிறகை விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தபடி நிற்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, பாம்புத்தாரா என்று மற்றவையும் அதே மரங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். இத்தனை வாய்களுக்கும் இரை அதற்குள் கிடைக்காது. சுற்றுவட்டார ஏரிகளும் வயல்களுமே அவற்றின் சோற்றுத்தட்டு. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்ததன் பொருள் இதுதான்.

2020-இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது பெரிய விவாதம் எழுந்தது. எல்லைக்குள் கிராமங்களும் பட்டா நிலங்களும் இருக்கின்றன, கட்டுப்பாடுகள் மக்களை நெருக்குகின்றன என்றது ஒரு தரப்பு. அந்தக் குறை உண்மையானது; பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் அதற்காக இரை தேடும் நிலத்தை ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் திறந்துவிடுவது தீர்வாகாது. எதிர்ப்பு வலுத்தது, முன்மொழிவும் பின்னர் கைவிடப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கார்த்திகை, மார்கழியில் அங்கே போகிறவர்கள் கரையில் நின்று கூடுகளைப் பார்ப்பதோடு திரும்பிவிட வேண்டாம். வழியிலுள்ள வயல்களிலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். சேற்றில் நத்தை தேடிக்கொண்டு நாரைகள் அங்கேதான் நிற்கும்.