காயல் துறைக்கு வந்த குதிரைகள்



பஹ்ரைனில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பாலைவனத்தில் குதிரைகள் கூட்டமாக ஓடுகின்றன. ஒரே நாளில் 120 கிலோமீட்டராம். "சார், நம்ம பக்கத்துச் சரித்திரத்தில் இப்படி நெடுந்தூரக் குதிரைப் பயணம் உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. அதுவும் அவர் இப்போது இருக்கும் அந்தக் கரையிலிருந்தே தொடங்குகிற கதை. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டிகளில் தூரம் 160 கிலோமீட்டர். நம்ம மணவாளக்குறிச்சியிலிருந்து கோவில்பட்டி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பல கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர் நிற்பார். குறித்த நிமிடங்களுக்குள் குதிரையின் நாடி 64 அளவுக்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டாலும், நொண்டினாலும் அதோடு வெளியே. முதலில் வந்து சேர்ந்தாலும் குதிரை நலமாக இல்லையென்றால் பரிசு கிடையாது.

இந்த விதி சும்மா வந்ததல்ல. 1892-ல் ஜெர்மானிய, ஆஸ்திரிய ராணுவ அதிகாரிகள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே சுமார் 580 கிலோமீட்டர் பந்தயம் ஓடினார்கள். வென்றவர் மூன்று நாளுக்குள் போய்ச் சேர்ந்தார். அவருடைய குதிரை பிழைக்கவில்லை. வேறு பல குதிரைகளும் செத்தன. குதிரை தன்னால் முடியாது என்று வாய்விட்டுச் சொல்லாது, ஓட்டினால் விழும்வரை ஓடும். ஆகவே அதற்காக நிறுத்திச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்டது.

இனி நம் கதைக்கு வருவோம்.

13-ஆம் நூற்றாண்டு. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் காயல் துறைமுகம். நம் நாட்டு மண்ணில் நல்ல போர்க்குதிரை விளையவில்லை. கடல் வழியாகக் குதிரை வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பாண்டியர் காலத்தில் அந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது.

இதற்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, 1290-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்தவர். இன்னொருவர் பாரசீகத்தில் ஷிராஸ் நகரத்தைச் சேர்ந்த வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர், துறைமுகத்து வியாபாரிகளிடம் கேட்டு எழுதியவர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்.

வஸ்ஸாஃப் குறிப்பிடும் துறைகளைப் பாருங்கள்: கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹொர்முஸ், கல்ஹாத். மக்களே, நம் பிள்ளைகள் பலர் இன்று வேலைக்குப் போகும் அதே கரை! ஆண்டுக்கு 10,000 குதிரை, ஒன்றுக்குச் சராசரி 220 பொன் தினார். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் தினார். இதில் 1,400 குதிரைகளை அனுப்பும் ஒப்பந்தம் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்ற பெருவியாபாரியிடம் இருந்தது. அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டியனுக்கே அமைச்சர். விற்பவர் அண்ணன், வாங்குகிற அரண்மனையில் தம்பி! இன்னொரு நிபந்தனையும் உண்டு. வழியில் குதிரை செத்தாலும் விலையை அரசன் கொடுக்க வேண்டும்.

அந்தப் பயணம் எப்படிப்பட்டது? ஹொர்முஸ் கப்பல்களை மார்க்கோ போலோ வர்ணிக்கிறார். இரும்பு ஆணி கிடையாது, பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஒரே பாய்மரம். மேல்தளம் இல்லை. சரக்கை அடுக்கி, தோலால் மூடி, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். கயிறு திரிக்கிற கையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கப்பல் கண்முன் வரும்.

குதிரைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. நமக்குக் குமட்டினால் வாந்தி எடுத்துவிடுவோம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் கோளாறு வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25, 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு மாதப் பயணம் என்றால் ஒரு குதிரைக்கே ஏறக்குறைய 900 லிட்டர். தீவனம் தனி. மேற்கேயிருந்து காயலுக்குப் போகிற கப்பல் குமரிமுனையைச் சுற்றித்தானே போக வேண்டும்? முட்டத்துப் பாறையில் நின்று பார்க்கிறோமே, அந்தக் கடல்வழியாகத்தான் அத்தனை குதிரைகளும் போயிருக்கின்றன.

இனிதான் முக்கியமான இடம். கரையிறங்கிய குதிரைகள் என்ன ஆயின?

அரசன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதேபோல் வாங்குகிறார்கள், வருஷம் முடியும்போது 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. காரணமும் சொல்கிறார். குதிரையைப் பார்க்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. லாடம் கட்டுகிறவர்களையும் வைத்தியம் பார்க்கிறவர்களையும் வியாபாரிகள் கூட்டி வருவதில்லை, வர விடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்? தீனியும் தப்பு. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தார்களாம். புல்லும் தானியமும் தின்கிற பிராணி அது.

வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் நுட்பமானது. வறுத்த பார்லியும் நெய் சேர்த்த தானியமும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பால் குடிக்க வைத்து, 40 நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்காமல், அங்கவடிகூட இல்லாமல், பேய்போல ஏறி ஓட்டுவார்களாம். எவ்வளவு வலுவான குதிரையும் கொஞ்ச நாளில் சோர்ந்து உதவாமல் போய்விடும் என்று எழுதுகிறார்.

இன்றைய கால்நடை மருத்துவத்தை வைத்துப் பார்த்தால் இதில் அர்த்தம் இருக்கிறது. ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்குத் 'திங்கட்கிழமை நோய்' என்று ஒன்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாமல் முழுத்தீனி தின்று நின்ற குதிரை, திங்கட்கிழமை வண்டியில் பூட்டியதும் தசை இறுகி, சிறுநீர் கறுத்து, நகர முடியாமல் நின்றுவிடும். ஒரு நாள் ஓய்வுக்கே அப்படி என்றால் 40 நாளுக்கு? நெடுந்தூரக் குதிரையைப் பழக்குகிறவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. இதயமும் நுரையீரலும் சில மாதத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

இரண்டு பேரும் அயலவர்கள், மிகைப்படுத்தியும் இருப்பார்கள். நம் ஆட்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. யானையைப் பழக்குவதில் நம்மவர்களுக்கு இணை கிடையாது. காளையைப் பற்றித் தெரியாத விவசாயி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கூடவே வளர்ந்த பிராணிகள் அவை. குதிரை மட்டும் விலைக்கு வந்த சரக்கு. அதைப் பேணும் அறிவு கப்பலில் வரவில்லை, வராமல் இருப்பதில் விற்றவருக்கு லாபமும் இருந்தது.

இதன் விலை 1311-ல் தெரிந்தது. 1310 நவம்பரில் டெல்லியிலிருந்து புறப்பட்ட மாலிக் காஃபூரின் படை, ஹொய்சளர் தலைநகரான துவாரசமுத்திரம் வழியாக 1311 ஏப்ரலில் மதுரைக்கு வந்துவிட்டது. பாண்டிய சகோதரர்கள் அப்போது தங்களுக்குள் சண்டையில் இருந்தார்கள். தோல்விக்குக் குதிரை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படையை யோசித்துப் பாருங்கள். ஆற்றையும் மலையையும் தாண்டி, மாதக்கணக்கில் நடந்து, வந்த இடத்தில் போரிட்டு, அக்டோபரில் டெல்லிக்குத் திரும்பியும் விட்டார்கள். லாடம், தீவனம், தண்ணீர், மாற்றுக்குதிரை என்று எல்லாவற்றுக்கும் ஆள் இல்லாமல் இது நடக்குமா? திரும்பும்போது 512 யானைகளையும் 5,000 குதிரைகளையும் கொண்டுபோனதாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். பொன்னைக் கொட்டி வாங்கியவை வந்தவரோடு போய்விட்டன.

பிறகும் இந்தக் கதை ஓயவில்லை. விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மன், கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால்கூட விலை கொடுத்தான் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். குதிரை இல்லாமல் போர் இல்லை என்ற நிலையில் வாங்குகிறவனுக்குப் பேரம் பேச வழி ஏது?

வகுப்பில் திருவாதவூரர் கதையைச் சொல்லியிருக்கிறேன். குதிரை வாங்கக் கொடுத்த பொன் திருப்பெருந்துறைக் கோயிலுக்குப் போக, நரியெல்லாம் பரியாகி வந்து, இராத்திரியில் மறுபடி நரியாகிப்போன கதை. அது இறைவனின் திருவிளையாடல். அதோடு, பொன்னும் போய் லாயமும் காலியான கவலை இந்த நாட்டு மனசில் இருந்ததால்தான் அந்தக் கதை இவ்வளவு நிலைத்ததோ என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு.

பிள்ளைகளே, ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பேணத் தெரிந்த ஆளை உண்டாக்குவது ஒரு தலைமுறை வேலை. மெஷின் வாங்கினாலும் சரி, பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் சரி, "பழுதானால் பார்க்க நம்மிடம் யார் இருக்கிறார்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

ஓமனில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சூர் நகரத்துக்குப் பக்கத்தில் கல்ஹாத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். லீவு நாளில் போய்ப் பார்த்துப் படம் அனுப்புங்கள். காயல் பக்கம் இருப்பவர்கள் அந்தக் கரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

எல்லோரும் நலமாக இருங்கள்.